பேசக்கூடாத அறை

ஊசியை உருவியதும் அந்தப் பெண் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள், மீதியை அங்கிருந்தே சொன்னாள், இனிமேல் பேசக்கூடாதுங்க மேடம், எதையும் மெல்லக்கூடாது, போன் பார்க்கக்கூடாது, கையைக் காலை ஆட்டாம அப்படியே சாய்ஞ்சு படுத்திருங்க, குளிர்ந்தா கையைத் தூக்குங்க, இன்னொரு போர்வை தரேன். தாரணி என்று அவள் கோட்டில் பெயர் இருந்தது. அந்த இரண்டடி எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக நானும் அப்படிப் பின்வாங்கியவள்தான், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அப்படிப் பின்வாங்கச் சொல்லிக்கொடுத்தவள்தான், ஊசி போட்ட நிமிஷத்திலிருந்து அந்த ஆளின் உடம்பு கதிர் வீசுகிறது, அவர் ஒரு நாள் வருகிறார், போகிறார், நீ தினமும் இங்கே நிற்கிறவள், அதனால் விலகி நில். சொல்லிக்கொடுத்தது சரிதான். அந்தச் சரி, ஊசிக்கு இந்தப் பக்கம் படுத்திருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் நான் யோசித்ததே இல்லை. திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் டெக்னீஷியன் நான், நாயகி மேடம் என்றால் வாசல் செக்யூரிட்டி வரைக்கும் தெரியும், ஆவுடைநாயகி என்று முழுசாகக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. இங்கே கோயம்புத்தூரில், என்ன வேலை பாக்கறீங்க என்று தாரணி கேட்டபோது ஆபீசில் என்று சொல்லிவிட்டேன். கூட யாரு வந்திருக்காங்க என்றதற்கு வெளியே இருக்காங்க என்றேன். வெளியே யாரும் இல்லை. வெளியே வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருக்காக வந்த யாரோ ஒருவர், தண்ணீர் பாட்டிலையும் பழைய ரிப்போர்ட் பையையும் மடியில் வைத்துக்கொண்டு. என் பையை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு நானே வந்தேன். லீவு கேட்கும்போது ஊருக்குப் போகிறேன் என்றேன். ஊரில் அண்ணனிடம் இந்த வாரம் டூட்டி ஜாஸ்தி என்றேன். ஆக, இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்த ஒரே ஆள் தாரணி, அவளுக்கு நான் யார் என்று தெரியாது.

உள்ளே போயிருப்பது சர்க்கரைதான். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டார் பயந்துபோய்க் கேட்கும்போது நான் அப்படித்தான் ஆரம்பிப்பேன், பயப்படாதீங்க, சர்க்கரைதான், அதன் முதுகில் கொஞ்ச நேரமே உயிரோடு இருக்கிற ஒரு கதிரியக்க அணுவை ஏற்றி அனுப்புகிறோம், சாயங்காலத்துக்குள் அது கரைந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். சாதாரண ஸ்கேன் உடம்பின் உருவத்தைக் காட்டும், எது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிசு என்று. இது உடம்பின் பசியைக் காட்டும். ராத்திரியிலிருந்து பட்டினி போட்ட உடம்புக்குள் சர்க்கரையை விட்டால் யார் முண்டியடித்துக்கொண்டு பந்தியில் உட்காருகிறார்கள் என்று பார்ப்பது. மூளை எடுக்கும், யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் அது எடுத்துக்கொண்டே இருக்கும். இதயம் சில பேருக்கு எடுக்கும். மிச்சம் சிறுநீர்ப்பையில் போய்ச் சேரும். புற்று இருந்தால் எல்லோரையும் தள்ளிவிட்டு அது எடுக்கும், போதும் என்பது அதற்குத் தெரியாது, வெள்ளைப் படத்தில் அந்த இடம் கறுப்பாக எரியும். இவ்வளவுதான் விஷயம் என்று முடிப்பேன், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு பெரியவர் மட்டும் ஒருமுறை, அப்ப நான் சாப்பிடாமக் கெடந்தா அதுவும் பட்டினியில செத்துருமாம்மா என்று கேட்டார். இல்லைங்கய்யா என்றேன். நீங்கள் சாப்பிடாவிட்டால் அது உங்களைச் சாப்பிடும் என்பதைச் சொல்லவில்லை. அவர் நல்ல கேள்வி கேட்டுவிட்ட திருப்தியோடு மகனைப் பார்த்தார். அந்த மகனின் முகம் ஞாபகமிருக்கிறது, பெரியவரின் முகம் ஞாபகமில்லை. இப்போது என் சர்க்கரை எங்கே போய்க்கொண்டிருக்கும். முழங்கை மடிப்பிலிருந்து ஏறி, தோளைத் தாண்டி, இதயத்துக்குள் நுழைந்து வெளியே வந்து, எல்லாத் தெருவுக்கும் பிரிந்து, இடது கழுத்தெலும்புக்கு மேலே ஒரு முட்டுச்சந்து இருக்கிறதே, அங்கேயும் போயிருக்கும். கையை ஆட்டக்கூடாது என்பதால் அதைத் தொடவில்லை, தொடாமலே தெரிகிறது. ஒரு நாள் குளித்துவிட்டு வந்து சங்கிலிக் கொக்கியை மாட்டும்போது விரலில் ஒரு கட்டி தட்டியது, வேர்க்கடலை அளவு, வலி இல்லை. வலி இல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வலித்திருந்தால் ஜலதோஷத்தில் வந்த நெறி என்று விட்டிருப்பேன். நெல்லிக்காய் அளவுக்கு வந்தபிறகு ஒரு துண்டு எடுத்துச் சோதித்ததில், நிணநீர் முடிச்சுகளில் வருகிற புற்று என்று வந்துவிட்டது, அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் மிச்சம் இருக்கிற கேள்வி. கழுத்தோடு நின்றிருக்கிறதா, நெஞ்சுக்கு இறங்கியிருக்கிறதா, வயிற்றுக்குப் போய்விட்டதா, எலும்புக்குள்ளேயேவா. மருந்து அதைப் பொறுத்தது. மருந்துக்குப் பிறகு வருகிற மற்ற எல்லாமும் அதைப் பொறுத்தது.

தோளை இறக்கு. தோள் காதுவரைக்கும் ஏறியிருக்கிறது, இறக்கு. பயந்தால் படத்தில் தெரியும் என்பது வேறு யாருக்கும் தெரியாது, எங்களுக்குத் தெரியும். பயந்த ஆள் தன்னை அறியாமல் கழுத்தையும் தோளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான், இறுகிய தசைக்குப் பசிக்கிறது, சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது, படத்தில் கழுத்திலிருந்து தோள்வரை இரண்டு பக்கமும் பட்டையாக விழும், யாரோ பின்னாலிருந்து இரண்டு கையையும் தோளில் போட்டு அழுத்திக்கொண்டிருப்பது மாதிரி. குளிரில் நடுங்கினாலும் ஒரு மாதிரி விழும். பேசினால் குரல்வளையில் விழும், பேச்சுக்கு உழைக்கிற சின்னத் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், கழுத்து நடுவில் ஒரு புள்ளி எரியும், படிக்கிற டாக்டர் அதை நோயா பேச்சா என்று குழம்பலாம். அதனால்தான் பேசக்கூடாது. என் கேள்வியே கழுத்தில்தான் இருக்கிறது, அதனால் மற்றவர்களைவிட நான்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பயத்தைப் பற்றி ரிப்போர்ட்டில் யாரும் எழுத மாட்டார்கள், தசைகளில் இயல்பான ஈர்ப்பு என்று ஒரு வரி போடுவார்கள். இயல்பு. எத்தனை பேருடைய தோள்களை அப்படிப் பார்த்திருக்கிறேன், ஒரு கல்லூரிப் பையன், பரீட்சைக்கு நடுவில் வந்தவன், உள்ளே போகும்போது சிரித்துக்கொண்டே போனான், படத்தில் கழுத்துத் தசை ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தது. அன்றைக்கு நான் திரையைப் பார்த்து, பாவம், பயந்திருக்கான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். கூப்பிடாமல் வேறு என்ன செய்வது. மருந்து கரைந்துகொண்டே இருக்கும், தாமதித்தால் அடுத்தவருக்குப் போதாது. எங்கள் வேலையில் எல்லாமே கரைவதற்குள் செய்ய வேண்டியது. தோளை இறக்கு. நெற்றியைத் தளர்த்து. ஏசி சத்தத்தைக் கேள். ஏசிக்குள் ஏதோ ஒரு தகடு தளர்ந்திருக்கிறது, விட்டுவிட்டு அடிக்கிறது, எங்கள் அறையில் அப்படி அடித்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுவேன், படுத்திருக்கிறவர்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதைத் தவிர அவர்களுக்குக் கேட்க ஒன்றுமில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இதை எடுத்திருக்கலாம், நேரம்கூடக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் என் படம் அங்கே அந்தத் திரையில் ஏறும், என்னோடு டீ குடிக்கிற பிள்ளைகள் பார்ப்பார்கள், என் எலும்பையும் வயிற்றையும் என் தோள் பயத்தையும். அது ஒன்று. இன்னொன்று, அதுதான் பெரிது, கதிர் வேலை பார்த்தவளுக்கே வந்துவிட்டது என்று ஒரு பேச்சு கிளம்பும். கதிரால் இது வராது என்று எனக்குத் தெரியும். நெஞ்சில் குத்திக்கொள்கிற கதிர் அளக்கும் வில்லையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்து அனுப்புவார்கள், ஒரு தடவைகூட எனக்கு அளவு மீறவில்லை, இந்த நோய்க்கும் அவ்வளவு சொற்பக் கதிருக்கும் முடிச்சுப் போட முடியாது என்று டாக்டர் சொன்னார், நானும் படித்திருக்கிறேன். படித்தது ஒரு பக்கம் இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். பாளையங்கோட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கிற அண்ணன். எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் தென்காசியிலிருந்து வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, பொண்ணு ரேடியேஷன்ல வேலை பாக்குதாமே, பிள்ளை குட்டிக்குப் பாதகம் வருமோ என்று கேட்டார்கள். அதற்கு முன்னால் வந்தவர்கள் கேட்காமலே போனார்கள். அன்றைக்கு அவர்கள் போனபிறகு அண்ணன், அந்த வேலையை விட்டுரு நாயகி, வேற வேலையா இல்ல, அது உடம்புக்கும் ஆவாது என்றான். விடவில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, ஒரு மனுஷனுக்குள் எது எங்கே பசித்துக்கிடக்கிறது என்று பார்க்கிற வேலை வேறு எங்கே கிடைக்கும். அதற்குப் பிறகு அவன் மாப்பிள்ளை பற்றிப் பேசவில்லை, வேலை பற்றியும் பேசவில்லை. மதினி மாசமாக இருந்தபோது நான் ஊருக்குப் போனால் அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், சண்டை இல்லை, எனக்குப் பிடித்த கூட்டாஞ்சோறு பண்ணி மூடிவைத்துவிட்டுத்தான் போவாள். என் உடம்பில் ஒன்றும் ஒட்டியிருக்காது மதினி என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, சொன்னால் நம்பினாலும் பயம் போகாது என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைகள் பிறந்தபிறகு நானே தள்ளி உட்கார்ந்து பழகிவிட்டேன். இப்போது இதைச் சொன்னால் அண்ணன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும், அன்னைக்கே சொன்னேன்லா. அந்த நாலு எழுத்து வார்த்தையைக் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் ராத்திரி பஸ்ஸில் தனியாக இங்கே வந்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் போர்வைக்குள் படுத்திருக்கிறேன். நாலு எழுத்தா. எண்ணிப் பார்க்காதே. மூளை சர்க்கரையை எடுக்கட்டும், நீ தோளை இறக்கு.

கதவு திறந்து தாரணி இன்னொருவரைக் கூட்டிவந்தாள். எனக்கும் அடுத்த சாய்வு நாற்காலிக்கும் நடுவில் இடுப்புயரத்துக்கு ஈயத் தகடு வைத்த தடுப்பு, அதற்கு மேலே முகம் தெரிகிறது, என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள், மொட்டையில் இப்போதுதான் முளைத்த வெள்ளை முடி, மூக்குத்தியைக் கழற்றிய துளை. மயிலாத்தாள், இங்க சாய்ஞ்சுக்கங்கம்மா, பேசக்கூடாது, மெல்லக்கூடாது என்று தாரணி அதே மூச்சில் சொல்லிவிட்டு, ஊசி போட்டு, பின்வாங்கி, போய்விட்டாள். அடுத்து ஒருவர் இயந்திரத்துக்குள் போகிற நேரம், கொஞ்ச நேரத்துக்கு அவள் கண் இந்த அறையின் கேமராவில் இருக்காது, அதுவும் எனக்குத் தெரியும்.

“ஏனம்மிணி, உனக்கும் இதேதானா?” என்றாள் மயிலாத்தாள்.

நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவள் சரி சரி என்று தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு, “எனக்கு இது மூணாவது தடவை” என்றாள், குரலைத் தணித்துக்கொண்டு, தணித்தால் பேச்சு இல்லை என்பதுபோல. “மருந்தெல்லாம் ஏத்தி முடிச்சு, போன தடவை சுத்தமாப் போயிருச்சுன்னாங்க. இப்ப மறுக்கா இருமல் வருதுங்கண்ணு. வெளிய வேன் நெறைய ஆளுங்க. பையனுக ரெண்டு பேரு, மருமவளுக, சம்பந்தி வேற. ஆரு கிட்டயும் பயமா இருக்குதுன்னு சொல்ல முடியல. சொன்னா அவிய அளுவாங்க, அப்பறம் நான் அவியளத் தேத்தோணும்.” நான் பேசாதீங்க என்று கண்ணால் சொன்னேன். அவள் சென்னிமலைப் பக்கம், மஞ்சள் போட்டிருக்கிறார்கள், இந்த வருஷம் மழை சரியில்லை, சின்ன மருமகள் மாசமாக இருக்கிறாள், அதனால் இன்றைக்கு முழுக்க அவள் பக்கம் போகக்கூடாது என்று தாரணி சொல்லிவிட்டாளாம், திரும்பிப் போகும்போது வேனில் எந்த சீட்டில் உட்காருவது என்பதுதான் மயிலாத்தாளுக்குக் கவலை. அடுத்த வீட்டு ஆளிடம் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இந்தக் கட்டடத்திலேயே இப்போது ஒருவர் பக்கத்தில் ஒருவர் போகலாம் என்றிருக்கிற இரண்டு பேர் நாங்கள்தான் என்று தோன்றியது, எங்களிடமிருந்து எல்லோரையும் காப்பாற்ற வேண்டும், எங்களை எங்களிடமிருந்து காப்பாற்ற ஒன்றுமில்லை. நடுவில் ஈயத் தகடு வைத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை, அவர்கள் சரி, ஆனாலும் தோன்றியது.

“உனக்கு ஆரு கண்ணு வந்திருக்கறாங்க?” என்றாள்.

வெளியே இருக்காங்க என்று சொல்ல வேண்டியதில்லை, ஒரு விரலை வாசல் பக்கம் நீட்டினால் போதும், பேசாமலே பொய் சொல்லிவிடலாம். விரலை எடுத்தேன். அது பாதியில் நின்றது.

“யாரும் வரலைங்க” என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, நேற்று பஸ்ஸில் டிக்கெட் கேட்டதற்குப் பிறகு சரியாக வாயைத் திறந்தே பேசியிருக்கவில்லை, தாரணியிடம் சொன்னதெல்லாம் ஒன்றிரண்டு வார்த்தைகள். நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு வரியோடு நிறுத்தியிருந்தால் படத்தில் ஒன்றும் விழாது, அவ்வளவு சீக்கிரம் தசை பசிக்காது. நான் நிறுத்தவில்லை. யாருக்கும் சொல்லலைங்க என்றேன், கழுத்தில் வந்த கட்டியைச் சொன்னேன், துண்டு எடுத்த அன்றைக்குத் தையலோடு டூட்டிக்குப் போனதையும் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு தொண்டை கட்டியிருக்கு என்று சமாளித்ததையும் சொன்னேன், நானும் இதே வேலைதான் பார்க்கிறேன், உங்களுக்கு ஊசி போட்ட பெண்ணின் வேலை, அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றேன், தென்காசிக்காரர்களைச் சொன்னேன், மதினி மூடிவைத்துவிட்டுப் போன கூட்டாஞ்சோற்றை, நான் ஒருத்தியாக அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டதைச் சொன்னேன், அண்ணன் மகள் ஒருமுறை ஓடிவந்து என் மடியில் ஏறியபோது ஒன்றுமே இல்லை என்று அத்தனையும் தெரிந்த நானே அவளை இறக்கிவிட்டேன், ஏன் இறக்கிவிட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை என்றேன், ராத்திரி எழுந்து உட்கார்ந்தால் என் உடம்பின் படம் கண்ணுக்கு முன்னால் வருகிறது, எடுக்காத படம், ஒருநாள் எலும்பெல்லாம் எரிகிறது, ஒருநாள் ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாக இருக்கிறது, இரண்டையும் பார்த்துப் பார்த்துத் தூக்கமே போய்விட்டது, செத்துப்போவதைப் பற்றிக்கூட அவ்வளவு இல்லைங்க, மருந்து ஏற்றும்போது வாந்தி வந்தால் பாத்திரத்தைப் பிடிக்க யாரைக் கூப்பிடுவேன் என்றுதான் பயமாக இருக்கிறது என்றேன். சொல்லச் சொல்ல தொண்டை சூடாவது தெரிந்தது. தெரிந்தே பேசினேன். மழைக்காலத்தில் வாய்க்கால் மதகைத் திறந்துவிட்டு நிற்கிறவனால் பாதியில் மூட முடியாத மாதிரி. கடைசியில் நீங்க என்ன நினைக்கறீங்க என்று கேட்டுவிட்டு, பதில் வராமல், தலையைக் கொஞ்சம் தூக்கித் தடுப்புக்கு மேலே பார்த்தேன்.

மயிலாத்தாள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எந்த இடத்திலிருந்து தூங்கினாள் என்று தெரியவில்லை, தென்காசியா, தையலா, ஒருவேளை முதல் வரியிலேயேவா. விடியுமுன்பே எழுந்து வேனில் வந்தவள், பட்டினி, கதகதப்பான போர்வை. அவள் தோள் இறங்கியிருந்தது, அவள் படம் நன்றாக வரும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு நிமிஷம் சிரிப்புத்தான் வந்தது, பிறகு அதுவும் போய், ஏசிக்குள் தகடு அடிக்கிற சத்தம் மறுபடி கேட்டது. அத்தனையையும் சொல்லிவிட்டேன், சொன்னது எங்கேயும் போய்ச் சேரவில்லை. கண்ணோரம் நனைந்து காதுக்குள் இறங்கியது, கையை ஆட்டக்கூடாது, துடைக்கவில்லை.

தாரணி வந்து கூப்பிட்டபோது எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, அவளுக்குப் பின்னால் நடந்தேன். பலகையில் படுத்ததும் அவள் சொல்வதற்கு முன்பே தலையைத் தாங்கியில் பொருத்தி, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டேன், அவள் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தாள், கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். பலகை நகர்ந்தது. வளையத்துக்குள் தலைக்கு மேலே ஒரு சிவப்புக்கோடு, கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது என்னிடமிருந்து கதிர் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது, ஒவ்வொன்றும் ஜோடியாக, ஒரே இடத்தில் பிறந்து ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று நேர் எதிர்ப்பக்கமுமாக, வளையத்தின் இரண்டு முனையிலும் இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் இயந்திரம் அதை எடுத்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவே கோடு போட்டு, இங்கேயிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிக்கும். ஒன்று மட்டும் வந்தால் விட்டுவிடும். தனியாக வந்ததை வைத்துக்கொண்டு அது எங்கேயிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு இதைச் சொல்லும்போது குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொல்வேன். பலகை கொஞ்சம் நகர்ந்து நின்றது, மறுபடி கொஞ்சம் நகர்ந்தது. இப்போது கழுத்து. இப்போது நெஞ்சு. இப்போது அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். வயிறு. இடுப்பு. தொடை எலும்புக்குள் என்ன இருக்கிறது என்று தொடைக்கே தெரியாது, தாரணிக்குத் தெரிந்துவிட்டிருக்கும்.

பலகை வெளியே வந்து நின்றது. மைக்கில் அவள் குரல்.

“மேடம், எந்திரிக்காதீங்க, அப்படியே இருங்க. ஊசி போட்டப்பறம் பேசினீங்களா?”

மேலே ஸ்பீக்கரின் சின்னச் சின்ன ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

“பேசினேன்.”

“ரொம்ப நேரமாங்க?”

“ஆமா.”

பிறகு கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள். “டாக்டருக்கு நான் சொல்லிடறேன், அது ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க” என்றாள். அப்புறம், “நீங்க இதே ஃபீல்டா மேடம்?” என்றாள். ஆமாம் என்றேன். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை, கேட்காமல் இருக்கத் தெரிந்த பிள்ளை. எழுந்து வரும்போது கண்ணாடியைத் தாண்டித்தான் வர வேண்டும். நோயாளி அந்த இடத்தைத் தாண்டும்போது நாங்கள் திரையை அணைத்துவிடுவோம், அல்லது முன்னால் போய் மறைத்துக்கொண்டு நிற்போம். தாரணி மறைக்கவில்லை. மேசையருகே போய் நின்று, வேறு எதையோ எடுப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

நான் பார்த்தேன். வெள்ளைத் திரையில் கறுப்பாக ஒரு பெண், கை தூக்கியவள். மூளை, இதயத்தில் கொஞ்சம், சிறுநீர்ப்பை, அதெல்லாம் அதனதன் இடத்தில். கழுத்தில் இடது பக்கம் திராட்சைக் கொத்து மாதிரி ஐந்தாறு, நெஞ்சு நடுவில் ஒரு பெரிய கறுப்பு, அது நான் நினைத்ததைவிடப் பெரிது. அதற்குக் கீழே தேடினேன். மண்ணீரல், வயிறு, இடுப்பு, தொடை எலும்பு, ஒன்றொன்றாகப் போனேன், மறுபடி மேலே வந்து மறுபடி போனேன். கீழே சுத்தமாக இருந்தது. இரண்டாம் நிலை. மருந்து வேலை செய்கிற நிலை, முடி கொட்டும், வாந்தி வரும், மாதக்கணக்கில் ஆகும், பெரும்பாலானவர்கள் எழுந்துவிடுகிற நிலை. மற்றவர்களுடைய படமாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். கழுத்து நடுவில், நோய்க்குச் சம்பந்தமில்லாமல், தொண்டைக்குள் எதிரும் புதிருமாக இரண்டு சின்னக் கீற்று, பக்கத்துக்கு ஒன்று. யாரும் கேட்காத என் பேச்சு அங்கே இருந்தது. எத்தனையோ பேர் கழுத்தில் இதைப் பார்த்து, சொன்னா கேக்கறாங்களா என்று அலுத்துக்கொண்டிருக்கிறேன். தோள் இரண்டிலும் பட்டை விழுந்திருந்தது, அதைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

“நைட்டு வரைக்கும் மாசமா இருக்கறவங்க, கொழந்தைங்க…” என்று ஆரம்பித்துவிட்டு, “உங்களுக்குத் தெரியுமே” என்று நிறுத்தினாள் தாரணி.

பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்கு வந்தேன். வெயில் அடித்தது. ஆட்கள் இல்லாத ஒரு ஓரமாக, ஒரு வேப்பமரத்தடியில் நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். கடையில் யாரோ குண்டான்களை அடுக்கிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

“என்னட்டி இந்நேரத்துல, டூட்டி இல்லியா?”

“அண்ணே, நான் கோயம்புத்தூர்ல இருக்கேன்.”

“அங்கன என்ன?”

சொன்னேன். இந்தத் தடவை கொஞ்சம்தான் சொல்ல வேண்டியிருந்தது, கட்டி, சோதனை, இன்றைய படம், நெஞ்சுவரைக்கும் இருக்கிறது, கீழே இல்லை. குண்டான் சத்தம் நின்றிருந்தது, அவன் கையைக் காட்டி நிறுத்தியிருப்பான். நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன், வந்தால் வரட்டும் என்று உடம்பை விறைத்துக்கொண்டு நின்றேன்.

“அன்னைக்கே…” என்றான். அதோடு நின்றுவிட்டது. பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு யாரிடமோ, கடையப் பாத்துக்கடே, நான் வெளியூர் போவேன் என்று சொல்வது கேட்டது. “கோயம்புத்தூருக்கு இப்ப என்ன பஸ் இருக்கு, மதுரை போயி மாறணுமா?”

“நீ வந்து என்ன செய்யப் போற? இன்னைக்கு யாரும் என் கிட்டக்க இருக்கக் கூடாதுண்ணே. ஊசி போட்டிருக்கு.”

“தள்ளி நின்னுக்கிடுதேன்” என்றான். “வரக்கூடாதுன்னு இல்லல்லா?”

பாளையங்கோட்டையிலிருந்து அவன் வந்து சேர ராத்திரி ஆகிவிடும். அதற்குள் என் உடம்பில் இருப்பது பாதியாகி, அந்தப் பாதியும் பாதியாகி, மறுபடி பாதியாகி, கணக்கில் வராத அளவுக்குப் போயிருக்கும். ஒருவர் என் பக்கத்தில் உட்காரலாம். எதிரில் நிற்பது மயிலாத்தாளின் வேனாக இருக்கும், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு ஆண்கள் சீட்டுகளைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நீ வாரதுக்குள்ள அதெல்லாம் அடங்கிரும்ணே” என்றேன். “கிட்டயே வரலாம்.”